வலது கை லீவர்

வாசலில் தடாலென்று ஒரு சத்தம். கூடவே கண்ணாடி நொறுங்குகிற சத்தம். வீட்டில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். என் மனைவி முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்தாள். மகள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். கடைசியாக வந்தவன் நான். வண்டிக்கு மிகப் பக்கத்தில் இருந்தவன் என்பதால், உள்ளே போய்த் திரும்பி வர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மகளின் மோட்டார் சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வலது கண்ணாடி போயிருந்தது. பிரேக் லீவர் நடுவில் ஒடிந்திருந்தது.

"பூனை ஏறிக் குதிச்சிருக்கும்," என்றாள் என் மனைவி.

"ஏம்மா, இத நிமித்தவே ரெண்டு ஆளு வேணும். இதத் தள்ளுற பூனையா இருந்தா சொல்லு, எங்க கம்பெனியில உடனே வேலைக்கு எடுத்துப்பாங்க."

என் மகள் லிஃப்ட் பழுது பார்க்கிறவள், ஐயா. இடுப்பில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு உயரமான கட்டடங்களின் உச்சிக்குப் போகிறவள். அது பற்றி எனக்கு ஒரு பயமும் இருந்ததில்லை. உயரத்திலிருந்து விழுந்தவர் யாரும் எங்கள் கடைக்கு வருவதில்லையே.

பயப்படாமல் சொல்லுங்கள் என்றீர்கள். என்னால் அது முடியாது. நான் பயந்தபடியேதான் சொல்வேன். பயம் இல்லாமல் ஒரு நாள் இருந்தால் உடம்பு சரியில்லையோ என்று தோன்றும் எனக்கு.

நான் இருசக்கர வண்டி உதிரிப் பாகக் கடையில் கவுண்டரில் நிற்பவன். மீசை முளைத்த காலத்திலிருந்து அதே கவுண்டர். லீவர் வாங்க வருகிறவர் ஒடிந்த லீவரைக் கையோடு கொண்டுவருவார். வாயால் மாடல் பெயரைச் சொன்னால் தப்பாகிவிடும் என்பதால் எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். அவர் பழையதைக் கவுண்டரில் வைப்பார். நான் புதியதை அதன் பக்கத்தில் வைப்பேன். துளைக்குத் துளை, வளைவுக்கு வளைவு, முனைக்கு முனை ஒத்துப்பார்ப்போம். அப்போது அவருடைய கைகளைப் பார்ப்பேன். முழங்கையில் கட்டு இருக்கும். உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கும். சில சமயம் ஓட்டியவர் வரமாட்டார். அண்ணனோ மாமனோ வருவார். "வண்டிய வித்துடலாம்னு இருக்கோம். அதான் ஒரு லீவர் போட்டு..." என்று இழுப்பார். நான் மேற்கொண்டு கேட்கமாட்டேன். பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவேன்.

விழாத வண்டிக்காரர் எவரும் என்னிடம் வந்து லீவர் கேட்டதில்லை. வண்டி ஓட்டுகிற எல்லோரும் விழுகிறார்கள் என்றுதான் என் கண் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இப்படிப்பட்டவன் வீட்டில் மகள் தன் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி வந்து நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். சாயங்காலம் அவள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும் வரை எனக்கு வேறு வேலை ஓடாது. நான் ஜன்னலில் நிற்பேன். என் மனைவி சிரிப்பாள்.

"ஊர்ல நாலு லீவர் ஒடஞ்சா போதும். உலகமே ஒடஞ்சு போச்சுன்னு வந்து நிப்பாரு உங்கப்பா."

பிறகு மகளுக்கு வேலை மாற்றம் வந்தது. பதவி உயர்வும்கூட. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். தனியாக அறை எடுத்துத் தங்கப்போகிறாள். வண்டியிலேயே போகப்போகிறாள். குறிப்பிட்ட நாளில் போய்ச் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் வேலை. இதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நானும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

"வேணாம் பாப்பா," என்றேன்.

"ஏம்ப்பா?"

"மலைப்பாதை."

"போறவங்க எல்லாம் போய்க்கிட்டுதானப்பா இருக்காங்க?"

"போகட்டும் விடுங்க," என்றாள் மனைவி. "காலம் பூரா பின்னாடியே ஒக்காந்து போவீங்களா நீங்க?"

அவள் சொல்வது நியாயம்தான். பின்னால் உட்கார்ந்து போக முடியாது. அதனால்தான் அன்று காலை வண்டியைச் சாய்த்தேன். ஆமாம், பூனை இல்லை. இடது பக்கம் நின்று இரண்டு கையாலும் தள்ளினேன். லீவர் ஒடிந்தால் பயணம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் வேலை போய்விடும் என்று எண்ணினேன். ஒரு அப்பன் செய்யக்கூடியதில் இது சின்ன விஷயம். நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

ஆனால் மகள் ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கிளட்ச் லீவரும் முன்னாடியே வளஞ்சுதான் கெடக்கு. ரெண்டையும் மாத்திடலாம். எங்கப்பா கடையில இருக்கறப்ப எனக்கு லீவருக்கா பஞ்சம்?"

மத்தியானம் கடைக்கு வந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளை விரித்து, அவள் வண்டிக்குப் பொருந்துகிற ஜோடிகளை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தேன். நீளம், குட்டை, நுனியில் குமிழ் வைத்தது, மடங்குவது, வர்ணம் பூசியது.

"சிவப்பு வேணாம் பாப்பா. சர்க்கஸ் வண்டி மாதிரி இருக்கும்."

"எனக்கு அம்பது வயசானாலும் கடையில நாலு பேர் முன்னாடி பாப்பான்னுதான் கூப்பிடுவீங்களா?"

"அறுபதானாலும்."

"நல்லவேளை, நான் வேற ஊருக்குப் போறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அடுத்த ஜோடியை எடுத்து வைத்தேன்.

அவள் கை சின்னது. சாதாரண லீவர் அவளுக்கு எட்டாது. விரல் நுனியால் பிடித்து இழுப்பாள். அவளுக்கு வேண்டியது தூரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகுச் சக்கரம் உள்ள லீவர். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் இழுத்துப்பார்த்தாள். லிஃப்ட் வேலையில் இருட்டில் கை வைத்துப் பழகியவள். கடைசியில் ஒரு கறுப்பு ஜோடியில் கை நின்றது.

"இதான்ப்பா. யாரோ கை குடுக்கற மாதிரி இருக்கு."

நல்ல தேர்வு. நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அசல் கம்பெனி சாமான்.

அந்த நேரம் அவளுக்குப் போன் வந்தது. வாசல் பக்கம் திரும்பி நின்று பேசினாள். நான் பொட்டலம் கட்டினேன்.

கவுண்டருக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். வாங்கியவர்கள் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்ததை அதில் போடுவோம். அதில் அதே கறுப்பில், அதே வடிவத்தில், ஒரு போலி பிரேக் லீவர் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுத்த ஆளின் பேச்சு எனக்கு நினைவில் இருந்தது. "அண்ணே, இது பேய் புடிச்ச லீவரு. நான் புடிக்காமலே பிரேக் புடிக்குது," என்றார். பேய் ஒன்றுமில்லை. லீவரின் உள்முனையில் ஒரு மூக்கு இருக்கும். அதுதான் உள்ளே பிஸ்டனைத் தள்ளுவது. விரலை எடுத்ததும் அந்த மூக்கு முழுதாகப் பின்வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் இருக்க வேண்டும். மெக்கானிக்குகள் அதை ப்ளே என்பார்கள். அந்தப் போலி லீவரில் மூக்கு ஒரு மயிரிழை நீளம். கையை எடுத்தாலும் அது பிஸ்டனை விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். ஓட ஓடச் சூடு ஏறும். பிரேக் ஆயில் விரியும். விரிந்தது திரும்பிப் போக வழியில்லாமல் சக்கரத்தை இறுக்கும். நிறுத்திவைத்தால் ஆறிவிடும், விட்டுவிடும். அப்புறம் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

தொட்டுக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதானே என்று எனக்கு அப்போது தோன்றியது.

அவள் தேர்ந்தெடுத்த பிரேக் லீவரை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியில் கிடந்ததைத் தாளில் வைத்துச் சுற்றினேன். நூல் கட்டினேன். அவள் போனை வைத்துவிட்டு வந்து, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் முதலாளி," என்று சல்யூட் அடித்தாள்.

நான் நினைத்தது இதுதான். அவள் எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் வண்டி இழுக்க மறுக்கும். சலித்துப்போய்த் திரும்பி வருவாள். அன்றைக்குப் போய்ச் சேர முடியாது. வேலை கைநழுவும். கொஞ்ச நாள் அழுவாள். அப்புறம் பழைய வேலை, பழைய தெரு, சாயங்காலம் ஜன்னலில் நான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

லீவரை மாட்டியவர் எங்கள் தெருமுனை மெக்கானிக். அவரைச் சிரிப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என்ஜின் உருகிப்போய் வண்டி வந்தாலும் சிரிப்பார். மாட்டி முடித்ததும் லீவரை மெல்ல ஆட்டிப்பார்த்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, ப்ளே இல்லையே. கல்லு மாதிரி நிக்குது. வேற ஒண்ணு போடுவமா?"

"புதுசுப்பா. ஓட ஓடச் சரியாயிடும்."

"இல்லண்ணே, லேசா அரத்தால மூக்க ராவிட்டா..."

"நான் எத்தன லீவர் பாத்திருக்கேன்?"

"அது சரி. உங்களுக்கு மேலயா நான்?" என்று சிரித்துவிட்டு ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.

மறுநாள் காலை அவள் கிளம்பினாள். என் மனைவி அழுதாள். நான் அழவில்லை. மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள் என்று தெரிந்தவன் எதற்கு அழவேண்டும்? தெருவைத் தாண்டினாள். சத்தம் கேட்டது. சத்தம் தேய்ந்தது. நான் ஜன்னலிலேயே நின்றேன். அவள் திரும்பவில்லை. சமதளத்தில் அவள் பிரேக் அதிகம் பிடிப்பவள் இல்லை என்பது என் நினைவுக்கு வரவில்லை. பிடிக்கப் பிடிக்கத்தானே சூடு வேகமாக ஏறும்?

கடைக்குப் போகவில்லை. பிறகு போன் வந்தது. நீங்கள் இதுவரை கேட்காத இடம் இது. யாருமே கேட்கவில்லை. அவளுடைய போனில் கடைசி அழைப்பு எனக்கு வந்ததுதான் என்று தெரிந்தும், பாவம் அப்பாவிடம் பேசியிருக்கிறாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்களே தவிர, என்ன பேசினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அப்பா, மலை ஏறி மேல வந்துட்டேன். வண்டி ஒரு மாதிரி இருக்குப்பா. பின்னாடி யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி. முன்சக்கரத்துல கைய வெக்க முடியல, அவ்ளோ சூடு. என்னவா இருக்கும்?"

உச்சியில், ஒரு கடை வாசலில் நிறுத்தியிருந்தாள். இனிமேல் முழுக்க இறக்கம்.

'அங்கேயே நில்லு, ஓட்டாதே' என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. என் வாய்க்குள் இருந்தன. ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். லீவர்தான் என்று சொன்னால், கருவிப் பை அவள் இடுப்பில் இருக்கிறது, அவளே கழற்றி, மூக்கை ராவி, மாட்டிக்கொண்டு போயே போய்விடுவாள். அதோடு, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்பாள். அவள் கெட்டிக்காரி.

"புது லீவர் பாப்பா, அப்படித்தான் இருக்கும்," என்றேன். "பயமா இருந்தா திரும்பி வந்துடு."

"திரும்பறதா? இன்னும் கொஞ்ச தூரம்தான்ப்பா. சரி, ஏதாவது சாப்புட்டுப் பாக்கறேன்."

நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்து மறுபடி கூப்பிட்டாள். குரலில் நிம்மதி.

"நீங்க சொன்னது கரெக்ட்டுப்பா. தானா சரியாயிடுச்சு. சக்கரம் ஃப்ரீயா சுத்துது. கெளம்பறேன்."

ஆறியிருந்தது. அவ்வளவுதான். இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிப்பாள், மறுபடி சூடேறும், இந்தத் தடவை மொத்தமாக இறுக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இப்போது தெரிகிற அளவுக்கு அப்போது எனக்குத் தெரியும்.

"பாத்துப் போ," என்றேன்.

அதற்குமேல் உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். மலைப்பாதைக்குப் புதியவள், வளைவு, முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. நீங்கள் வண்டியைப் பார்த்தபோது சக்கரம் லேசாகச் சுற்றியிருக்கும். விபத்து என்று முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

இடுப்பெலும்பு முறிந்தது. வலது கை வண்டிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரிப்பு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் மாட்டுன வண்டிண்ணே. என் வாய் சொல்லிச்சு, என் கை கேக்கல," என்றார். நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு," என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்னமும் அவரை எல்லோரும் அந்தப் பேரில்தான் கூப்பிடுகிறார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

மகளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். இதைச் சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மாதங்கள் என் வாழ்க்கையில் நிம்மதியானவை. தலை வாரிவிட்டேன். சாதம் பிசைந்து ஊட்டினேன். வலது கை விரல்கள் மடங்காது என்பதால் எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். தெருவில் எந்த வண்டி போனாலும் நான் ஜன்னலுக்கு ஓடவில்லை. அவளும் என்னைத்தான் தேடுவாள். என்மேல் அவளுக்கு ஒரு சின்ன சந்தேகம்கூட இல்லை. இதை நீங்கள் முக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் ஏன் இன்று வந்தேன் என்று கேட்டீர்கள். வழக்கே முடிந்துபோன பிறகு எதற்கு என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் இருக்கும்.

அவள் கை தேறிவருகிறது, ஐயா. நடக்கிறாள், படியேறுகிறாள். விரல்கள் மடங்க ஆரம்பித்துவிட்டன. கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், எதையாவது பிடித்து அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறாள். விபத்து என்பதால் கம்பெனியில் அந்த வேலையை அவளுக்காகவே வைத்திருக்கிறார்களாம். வண்டி சிரிப்பின் பட்டறையில் நிற்கிறது. ஒரு காசு வாங்காமல் அதை நிமிர்த்தித் தயார் செய்துவிட்டார். லீவர் மட்டும்தான் பாக்கி.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அந்த வண்டியைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி நீங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்தப் போலி லீவரின் ஒடிந்த அடித்துண்டு இன்னும் அதிலேயே இருக்கிறது. அளந்துபாருங்கள், மூக்கு நீளம் என்று தெரியும். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள். வழக்கு இழுத்தடிக்கும். அது முடிகிற வரை வண்டி உங்கள் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கட்டும். அவள் பத்திரமாக இருப்பாள். இதற்கு மேல் ஒரு அப்பன் என்ன செய்ய முடியும்?

அவள் மறுபடி ஓட்டமாட்டாள், பயந்திருப்பாள் என்கிறீர்கள். நானும் இன்று காலை வரை அப்படித்தான் நம்பினேன்.

காலையில் சாப்பாட்டு மேஜையில் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் எதையோ பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்துவதும் விடுவதும், அழுத்துவதும் விடுவதுமாக. முதலில் நான் கவனிக்கவில்லை. அப்புறம் பார்த்தேன். ஒரு கறுப்பு லீவர். அசல் கம்பெனி சாமான். என் அலமாரியில், பழைய சட்டைகளுக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தது. ஜோடி இல்லாத லீவரைக் கடையில் திருப்பி வைத்தால் முதலாளி கேட்பாரே என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

தட்டில் கை வைத்தபடி இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அன்று கடையில் செய்த மாதிரியே, இரண்டு விரலால் அதை இழுத்துப்பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். கோபம் இல்லை. குரலும் உயரவில்லை. ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான், அதில் உள்ளர்த்தம் ஒன்றும் கிடையாது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். இப்படித்தான் சொன்னாள்:

"கடைக்கு வரேன்ப்பா. லீவர எடுத்து மட்டும் வைங்க. இந்தத் தடவ பொட்டலத்த நானே கட்டிக்கறேன்."